கால் அடையாளம்

எங்கள் சுரங்க ஊரான தாஸ்தோபேயில் ஒரே அறைக்குள் இரண்டு ஊசி மெஷின் ஓடுகிற இடம் எங்களுடையது மட்டும்தான். திரைக்கு இந்தப் பக்கம் என் தையல் மெஷின், அந்தப் பக்கம் கம்ஷாத்தின் பச்சை குத்துகிற மெஷின். ரொட்டிக்கடைக்குப் பின்னால் இருக்கும் இந்த அறைக்கு முதலில் வந்தவள் நான் என்பதால் ஜன்னலும் வெந்நீர்க் குழாயும் என் பக்கம். அவள் பக்கம் ஒரு மேஜை விளக்கும் பல் டாக்டர் தூக்கிப்போட்ட சாய்வு நாற்காலியும்தான். வாடகையில் பாதி அவள் கொடுக்கிறாள், வெளிச்சத்தில் பாதி நான் கொடுப்பதில்லை. கேட்டால், "எப்பப் பாரு காலைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு கிடக்கிறவளுக்கு ஜன்னல் எதுக்குடி" என்பேன்.

கால் என்று சொன்னது விளையாட்டுக்கு இல்லை. கரகந்தா நகரத்தில் ஒரு சலூனில் வேலை கற்றுக்கொண்டு வந்த புதிதில் அவள் பெண்களின் தோளில் ரோஜாப்பூ போட்டாள், புருவம் போட்டாள். போன வருஷம் இலையுதிர் காலத்தில் மேற்குச் சுரங்கத்தில் வாயு வெடித்தது. இறந்தவர்களைப் பழைய பஸ் ஷெட்டில் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் போய் அடையாளம் பார்த்தார்கள். முகமும் கையும் யாருக்கும் உதவவில்லை. தடித்த ரப்பர் பூட்ஸுக்குள் இருந்த கால்கள்தான் கால்களாக இருந்தன. எங்கள் தெரு குல்சிம் தன் மூத்த அண்ணனைக் காலை வைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வேறு சிலரால் அதுவும் முடியவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஒருத்தி தன் புருஷனை இழுத்துக்கொண்டு வந்து, கணுக்காலுக்குக் கீழே, உள்பக்கம், அவர்கள் வீட்டுக் குதிரைகளுக்குப் போடும் சூட்டு அடையாளத்தைப் பச்சை குத்தச் சொன்னாள். அடுத்த வாரம் நாலு பேர் வந்தார்கள். ஆண்கள் திட்டிக்கொண்டே வந்தார்கள். "எங்களையும் மந்தையில சேர்த்துட்டீங்களா" என்பான் ஒருத்தன். "கெட்டதைக் கூப்பிட்டு உக்கார வைக்கிற வேலை இது" என்பான் இன்னொருத்தன். பச்சை குத்தின உடம்பைக் கழுவி அடக்கம் பண்ணுவது சரிதானா என்று பள்ளிவாசலில் ஒரு பேச்சு வந்தது. முல்லாவின் மருமகனும் சுரங்கத்தில் இருந்ததால் அந்தப் பேச்சு நீளவில்லை. புதுப் புண்ணை ரப்பர் பூட்ஸுக்குள் நுழைத்தால் அழுகிவிடும் என்பதால் பெண்கள் கூட்டமாகப் போய் மேஸ்திரியிடம் கத்தி இரண்டு வாரம் விடுப்பும் வாங்கினார்கள். அதற்குக் கால் லீவு என்று பெயர். வேறு எந்த ஊர்ச் சுரங்கத்திலும் இப்படி ஒரு லீவு இருக்காது என்று நினைக்கிறேன்.

குதிகாலுக்குப் பக்கத்துத் தோல் சண்டித்தனம் பண்ணும். கொஞ்சம் மேலோட்டமாகக் குத்தினால் மை தோலோடு உரிந்து போய்விடும். கொஞ்சம் ஆழமாகப் போனால் நியூஸ் பேப்பரில் பேனா மை விழுந்த மாதிரி நீலமாகப் பரவிவிடும். அதனால் கம்ஷாத் ஒவ்வொரு காலுக்கும் மெஷினைப் புதிதாக வைப்பாள். காலையில் அவள் செய்வதைப் பார்த்துக்கொண்டே டீ குடிப்பது எனக்குப் பழக்கம். இரண்டு கம்பிச்சுருளுக்கு மேலே ஒரு இரும்புப் பட்டை, அதன் மேலே வில் மாதிரி வளைந்த தகடு, தகட்டின் மேல் வந்து முட்டும் ஒரு திருகு. அவ்வளவுதான் அதன் உடம்பு. கரண்ட் பாய்ந்தால் சுருள் பட்டையை இழுக்கும், இழுத்ததும் திருகைவிட்டுத் தகடு விலகும், கரண்ட் அறும், பட்டை மேலே துள்ளும், மறுபடி தொடும். வாசல் மணிக்குள்ளே இருப்பதும் இதேதான். மணியை அடிப்பதற்குப் பதில் இது ஊசியை அடிக்கிறது.

கம்ஷாத் முதலில் திருகின் கருகின முனையை உப்புத்தாளில் தேய்ப்பாள். பட்டையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, திருகுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு பழைய காசை நுழைத்துப் பார்ப்பாள். காசு தடையில்லாமல் போய்வந்தால் இடைவெளி சரி. ஊசிக்கம்பியை மாட்டி, ஆடாமல் இருக்க ரப்பர் பேண்டைச் சுற்றுவாள். ஒன்று போதாது, மூன்று போட்டால் இழுக்கும் என்று இரண்டு போடுவாள். மெஷின் முனைக் குழாயின் வாயிலிருந்து ஊசி எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்று விளக்குக்கு நேரே பிடித்துக் கண்ணைச் சுருக்குவாள். கடைசியில் பெடலை மிதித்துக் காதருகே வைத்துக் கேட்பாள். சரியாக இருந்தால் அது ஒரே சுரத்தில் கனமாக ரீங்கரிக்கும். இரண்டு வருஷம் கேட்டதில் எனக்கே தெரியும். என் மெஷினில் நூல் இறுக்கம் தவறினால் அவளும் அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுப்பாள். நன்றிகெட்டவள் இல்லை.

இந்த வருஷம் இலையுதிர் காலத்தில் ஒருமுறை சுருள் கருகிப்போனது. அதைப் பிரித்துப் புதுக்கம்பி சுற்றிக்கொடுத்தவர் குல்சிமின் புருஷன் ஒராஸ். சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். காசு வாங்கிக்கொள்ளவில்லை. நான் ஒரு பேண்ட்டுக்கு ஜிப் மாற்றிக் கொடுத்தேன்.

மேற்குச் சுரங்கத்தை மறுபடி திறக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்த வாரம், பனிப்புயலில் தலையைக் குனிந்துகொண்டு குல்சிம் தனியாக வந்தாள். வெளி கோட்டைக்கூடக் கழற்றாமல் திரைக்கு அந்தப் பக்கம் போனாள். ஒரு துணியில் மூட்டை கட்டி எண்ணெயில் பொரித்த மாவு உருண்டைகள் கொண்டுவந்திருந்தாள். எனக்கு ஒன்றும் தரவில்லை. அதிலேயே ஏதோ பெரிய காரியமாகத்தான் வந்திருக்கிறாள் என்று புரிந்தது. மெஷினை நிறுத்திவிட்டுக் காஜா எடுப்பதுபோல உட்கார்ந்தேன்.

"நாளைக்கு அவரைக் கூட்டிட்டு வர்றேன், கம்ஷாத்."

"வாங்கக்கா. ஒராஸ் அண்ணனுக்குப் போடாம யாருக்குப் போடுறது? அடையாளம் வரைஞ்சு கொண்டாங்க."

"வரைஞ்சாச்சு. ஒரு வளையம், கீழே ரெண்டு கோடு. ஆனா..." மூட்டையை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது. "அது நிக்கக் கூடாது."

"என்னது?"

"உரிஞ்சு போயிடணும். நீ மெஷினை அந்த மாதிரி வை. ரெண்டு வாரம் கழிச்சுப் பாத்தா ஒண்ணும் இருக்கக் கூடாது. மறுபடி கூட்டிட்டு வருவேன். மறுபடி ரெண்டு வாரம்."

கம்ஷாத் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"அக்கா, வெளையாடுறீங்களா? ஊருக்கே நான்தான் கால் போடுறேன். என் கை வேலை நிக்கலைன்னா நாளைக்கு எவ வருவா?"

"நிக்கலைன்னு நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அவர் காலு வேர்க்கிற காலுன்னு சொல்லிக்கிறேன்."

"அண்ணன்கிட்டயே சொல்லிப் பாருங்களேன், கொஞ்ச நாள் கழிச்சுப் போங்கன்னு."

"சொல்லாமயா இருப்பேன்? 'எல்லாரும் இறங்குறப்ப நான் மட்டும் அடுப்புக்கிட்ட உக்காரவா'ங்கறார். வசந்தத்துல புது விசிறி மாட்டிடுவாங்களாம். வாயு தங்காதாம். அதுவரைக்கும்தான் கேக்கறேன். பனி உருகற வரைக்கும். அந்த ஷெட்டுல நான் நடந்த மாதிரி நீ நடக்கலை, கம்ஷாத்."

நான்தான் பொறுக்கமாட்டாமல் திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டேன். "ஏண்டி குல்சிம், புருஷனை ஏமாத்த வேற வழி கிடைக்கலையா உனக்கு?"

"கிடைச்சா நீங்க சொல்லுங்கக்கா, அதைப் பண்றேன்" என்றாள். நான் கல்யாணமே பண்ணாதவள்.

மறுநாள் மதியம் ஒராஸ் வந்தார். உள்ளே வரும்போதே என் மெஷினின் கரண்ட் வயரைப் பார்த்து, "அக்கா, இந்த வயரு ஒரு நாளைக்கு உங்க பாவாடையைக் கொளுத்தப் போகுது" என்றார். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினார். கால் வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. வீட்டில் வெந்நீரில் தேய்த்துக் கழுவியே கூட்டிவந்திருந்தாள் குல்சிம்.

"வளையம் ஒழுங்கா வட்டமா இருக்கணும், தங்கச்சி. எங்கப்பா குதிரைக்குச் சூடு போட்டா சந்தையில தூரத்துல இருந்தே தெரியும்."

"குதிரை ஆடாம நின்னா வட்டமா வரும்ண்ணே."

"நான் ஆடமாட்டேன். இவதான் என் கையை நசுக்குறா."

கம்ஷாத் மெஷினைக் கையில் எடுத்தாள். காசை எடுக்கவில்லை. திருகை அரைச்சுற்று உள்ளே விட்டாள், இடைவெளி மெலிந்தது. ஊசியையும் ஒரு இழை உள்ளே இழுத்துக்கொண்டாள். பெடலை மிதித்தபோது ரீங்காரம் உயர்ந்து, கொசு மாதிரி சன்னமாக வந்தது. அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, கழுத்து மட்டும் சிவந்திருந்தது. தன் வேலையைத் தானே கெடுப்பது ஒருத்திக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை ஒரு பணக்காரி கேட்டாள் என்று நல்ல கோட்டை வேண்டுமென்றே கோணலாகத் தைத்துக் கொடுத்திருக்கிறேன், அவள் நாத்தனாருக்காக.

ஒராஸ் தலையைச் சாய்த்தார். "சத்தம் மெலிசா இருக்கே."

"காலுக்கு அப்படித்தான் வைக்கணும்ண்ணே."

"அப்படியா?"

அவர் மெஷினைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். குல்சிம் அவர் விரல்களை எண்ணுகிறவள் மாதிரி குனிந்திருந்தாள். "சரி, உனக்குத் தெரியாததா" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஊசி தோலில் ஓடியது. வழக்கமாகப் பல்லைக் கடிக்கிற இடத்தில் அவர் எங்களுக்கு மேஸ்திரியைப் பற்றி ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார். வலிக்கவே இல்லை போல.

மேற்குச் சுரங்கம் திறந்துவிட்டது, ஆனால் ஒராஸுக்குக் கால் லீவு என்பதால் அந்த இரண்டு வாரம் குல்சிம் வீட்டில் பண்டிகை மாதிரி இருந்தது. நான் ஒரு நாள் போயிருந்தேன். ஒராஸ் செருப்போடு உட்கார்ந்து தெருவில் இருக்கிற எல்லா இஸ்திரிப் பெட்டியையும் பிரித்துப் போட்டிருந்தார். குல்சிம் குதிரை இறைச்சி வேகவைத்து, அகலமான மாவுத் துண்டுகளை அதே சாற்றில் போட்டெடுத்து, வெங்காயம் தூவி ஒரு பெரிய தட்டில் வைத்தாள். எல்லாரும் ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிட்டோம். அவளுடைய தம்பி தொக்தரும் வருவதாக இருந்தது, வரவில்லை. சுரங்கத்து வாசலில் விளக்குகளுக்குச் சார்ஜ் ஏற்றும் அறையில் அவனுக்கு வேலை. மூத்தவன் போன பிறகு அவர்களுடைய அம்மா, தொக்தர் ஒருபோதும் கீழே இறங்கக் கூடாது என்று ரொட்டியின் மேல் கைவைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். "ராத்திரி ட்யூட்டி போட்டு வதைக்கிறாங்களாம் அவனை" என்றாள் குல்சிம். சொல்லும்போதே புருஷனுக்கு டீயில் பால் ஊற்றினாள். அவளை அவ்வளவு லேசாக நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அடையாளம் அவள் கேட்டபடியே உரிந்து போனது. வளையத்தில் பாதியும் ஒரு கோட்டின் நிழலும் மிச்சம். ஒரு சனிக்கிழமை இருவரும் மறுபடி வந்தார்கள். குல்சிம் வாசலிலேயே சத்தமாக ஆரம்பித்தாள். "பாருடி, எல்லாம் போச்சு. இவரு காலு அப்படி வேர்க்குது."

கம்ஷாத் பதில் சொல்லாமல் ஒராஸை உட்கார வைத்தாள். மெஷினைப் பிரித்தாள். உப்புத்தாளை எடுத்தாள். திருகின் முனையைத் தேய்த்தாள், அவசரமே இல்லாமல். பிறகு மேஜை டிராயரைத் திறந்து காசை எடுத்தாள்.

குல்சிமுக்குப் புரிந்துவிட்டது. "கம்ஷாத்" என்றாள்.

"காலு வேர்க்கிற காலுன்னா நல்லா வைக்கணும்க்கா. இந்தத் தடவை நிக்கும்."

"ரொம்ப ஆழமா வேண்டாம்."

"ஆழம் இல்ல. சரியா." கம்ஷாத் காசை நுழைத்து எடுத்தாள். பெடலை மிதித்தாள். கனமான ரீங்காரம் வந்தது, கொஞ்சம் தடுமாறியது. பின்பக்கத் தகட்டை நகத்தால் ஒரு மயிரிழை வளைத்தாள். தடுமாற்றம் நின்றது. என் பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்த நான் கையை நிறுத்தினேன்.

ஒராஸ் சிரித்தார். "ஆங், இதுதான் நான் சுத்தின சுருள். போன தடவை வேற யாரோ பேசின மாதிரி இருந்துச்சு."

குல்சிமின் முகம் வெளுத்தது.

"தெரியுமா உங்களுக்கு?" என்றாள்.

"கரண்ட் சத்தத்தைக் கேட்டே சம்பாதிக்கிறவன் நான். திருகு உள்ளே போனது கேக்காதா?" அவர் மனைவியைப் பார்க்காமல் தன் காலைப் பார்த்தே சொன்னார். "எனக்கு மட்டும் கீழே போக ஆசையா? நீ ஏதோ வழி கண்டுபிடிச்சிருக்க. நான் தெரியாத மாதிரி இருந்துட்டா ரெண்டு வாரம் உன் பக்கத்துல இருக்கலாம். இருந்தேன்."

குல்சிம் அழுதாள். சத்தமில்லாத அழுகை. எனக்கும் கண் கரித்தது, அதை மறைக்கவும் இல்லை. அப்போதுதான் வாசல் கதவு திறந்து பனிக்காற்றோடு தொக்தர் உள்ளே வந்தான்.

திரைக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. குல்லாவை எடுத்துவிட்டு என் எதிரில் நின்று, "கம்ஷாத் அக்கா இருக்காங்களா? ஒண்ணு போடணும். எங்க வீட்ல சொல்லாதீங்க" என்றான்.

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். முகம் சோப்புப் போட்டுத் தேய்த்துச் சிவந்திருந்தது. ஆனால் இமை ஓரத்தில், மேலேயும் கீழேயும், மை தீட்டியதுபோல மெல்லிய கறுப்பு. நிலக்கரித் தூள் எத்தனை கழுவினாலும் அந்த இடத்தைவிட்டுப் போகாது. விளக்கு அறையில் வேலை பார்ப்பவன் கண்ணில் அது வராது. இந்த ஊர்க் குழந்தைக்கும் இது தெரியும்.

"எத்தனை நாளாடா?" என்று கேட்டேன்.

அவன் கையால் கண்ணைத் துடைத்தான், பிரயோசனமில்லாமல்.

திரை விலகியது. குல்சிம் நின்றாள். அவளும் முதலில் பார்த்தது அவன் கண்களைத்தான்.

"தொக்தர், யார் இறக்கினது உன்னை?"

"அக்கா... நீ இங்க என்ன பண்ற?"

"யார் இறக்கினதுன்னு கேட்டேன்."

அவன் அவளைத் தாண்டி ஒராஸைப் பார்த்தான். வெறுங்காலை நீட்டியபடி அவர் நாற்காலியில் இருந்தார். "யாரும் இறக்கல. அத்தான் லீவுல இருக்காரில்ல, அந்த இடம் காலி. கேபிள் வேலை தெரிஞ்சவன் இந்த ஷிஃப்டுல வேற யாரும் இல்ல. நான் அத்தான்கிட்ட கத்துக்கிட்டவன்தானே. 'அவர் வர்ற வரைக்கும் நீ பாரு'ன்னு மேஸ்திரி கேட்டாரு. சரின்னுட்டேன். ரெண்டு வாரந்தானேன்னு நெனச்சேன். இன்னிக்குக் கேட்டா, அத்தான் மறுபடி லீவு எழுதியிருக்காராம்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் உயிரோட நிப்பேனா?" சிரிக்கப் பார்த்தான். "அதான் காலுல ஒண்ணு போட்டுக்கலாம்னு. நீ ஏன் இப்படிப் பாக்கற? அண்ணன் போனாரு, அத்தான் போறாரு. எனக்கு மட்டும் விளக்கு தொடைக்கிற வேலையா?"

குல்சிம் திரும்பி ஒராஸின் காலைப் பார்த்தாள். புருஷன் சுரங்கத்தைவிட்டு வெளியே வந்தால் அவர் நின்ற இடம் காலியாக இருக்காது, அதில் யாராவது வந்து நிற்பார்கள் என்பதை அவள் யோசித்ததே இல்லை. நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. அந்த யாராவது, தூக்கி வளர்த்த தம்பியாக இருக்கும் என்பதை எப்படி யோசிப்பாள்?

ஒராஸ் குரலை உயர்த்தாமல் கேட்டார். "எந்தப் பக்கம் வேலை உனக்கு?"

"மேற்குச் சுரங்கத்துல வடக்குப் பாதை."

"விசிறி எத்தனை ஓடுது?"

தொக்தர் தரையைப் பார்த்தான். "ஒண்ணு."

கம்ஷாத்தின் கையில் மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பெடலிலிருந்து காலை எடுக்க மறந்திருந்தாள்.

"அப்போ நான் போடலாமா, வேண்டாமா?" என்று அவள் மெல்லக் கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. ஒராஸின் கால் மரப்பலகை மேல் துடைத்துத் தயாராக இருந்தது. மெஷின் சரியாக வைத்திருந்தது. இந்தத் தடவை அடையாளம் நின்றுவிடும். அது நிற்க வேண்டுமென்றால் அவர் இன்னும் இரண்டு வாரம் பூட்ஸ் மாட்டக் கூடாது. அந்த இரண்டு வாரமும் வடக்குப் பாதையில் தொக்தர்.

ஒராஸ் குல்சிமைப் பார்த்தார். பலகையிலிருந்து காலை எடுக்கவில்லை. வேண்டாம் என்பதை அவரே சொல்லிவிட்டால் குல்சிமுக்குக் காலத்துக்கும் ஆறாது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

குல்சிம் நாற்காலிக்கு முன்னால் போய் மண்டியிட்டாள். கம்ஷாத் தடவியிருந்த களிம்பைத் தன் தலைத்துணி நுனியால் துடைத்தாள். கீழே கிடந்த சாக்ஸை எடுத்து அவர் விரல்களில் நுழைத்தாள். சாக்ஸின் குதிகால் மேல்பக்கம் திரும்பிக்கொண்டது. கழற்றினாள், மறுபடி நுழைத்தாள். இரண்டாவது தடவையும் சரியாக வரவில்லை. ஒராஸ் குனிந்து உதவவில்லை. அவள் முடிக்கட்டும் என்று காலை அப்படியே நீட்டி வைத்திருந்தார். மூன்றாவது தடவை சரியாக ஏறியது. பூட்ஸை இழுத்து மாட்டி, கயிற்றை இரட்டை முடிச்சாகக் கட்டினாள்.

"அக்கா, நான் பாத்துக்கறேன்னு சொல்றேன்ல" என்றான் தொக்தர்.

"நீ வாயை மூடு" என்றாள். பிறகு புருஷனின் முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள்.

"இப்பவே மேஸ்திரி வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள். "காலை ஷிஃப்டுக்கு நீங்க போறீங்கன்னு."